எல்லாவற்றையும் செய்தாக வேண்டுமா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து, சக்ரீஸ்தில் திருவுடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இறந்துபோனவரின் மூத்த மகன் உள்ளே வந்தார். காணிக்கை கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "சாமி, எங்க அப்பாவை நாங்களே கொன்னுட்டோமா?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. சிறுநீரகம் செயலிழந்து, நுரையீரலில் கிருமி பரவி, ஆஸ்பத்திரியில் இரண்டாவது வாரம். நள்ளிரவு ஒன்றரை மணிக்கு டாக்டர் மகன்களைக் கூப்பிட்டார். "மூச்சு குறைந்துகொண்டே வருகிறது. குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தால் சில நாள் தாங்கலாம். எழுந்து வருவார் என்று நான் சொல்ல மாட்டேன். வைக்கவா, வேண்டாமா?" என்றார். அண்ணனும் தம்பியும் வராந்தாவில் பத்து நிமிடம் நின்று பேசினார்கள். வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். விடிவதற்குள் அப்பா போய்விட்டார். மஸ்கட்டில் இருக்கும் தங்கை போனில் கேட்டது ஒரே வார்த்தை: "காசைப் பாத்துட்டீங்கல்ல?" அதன் பிறகு பேச்சு இல்லை. முப்பதாம் நாளுக்கும் வரவில்லை.

நான் அவர் தோளில் கை வைத்து, எல்லாம் கடவுள் சித்தம், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு பேர் பத்து நிமிடத்தில் எடுத்த ஒரு முடிவைப் பற்றி அவர் கேட்டார். நானோ அதைக் கடவுள் மேல் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று வானொலி நேரத்தில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அது என் சொந்தப் பதிலும் இல்லை. திருச்சபையில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், பதிலும் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1952ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டின் தலைநகர் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து நாளுக்கு நாள் ஆட்கள் வந்து குவிந்தார்கள். மருத்துவமனையில் இருந்த சுவாசக் கருவிகளோ கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. அப்படி வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து மருத்துவர் ஒரு வழி சொன்னார். ஆகஸ்ட் மாதக் கடைசியில், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டு, குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். மற்றவர்களுக்கும் அதே வழி. ஆனால் பையை அமுக்க ஆள் வேண்டுமே! மருத்துவ மாணவர்கள் ஏறத்தாழ 1500 பேர் முறை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் வாரக்கணக்கில் நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். நல்ல சமாரியர் உவமையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாணவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

இன்று நாம் ஐ.சி.யூ. என்று சொல்லும் பிரிவு அங்கிருந்துதான் பிறந்தது. விரைவிலேயே கையின் இடத்துக்குக் கருவி வந்தது. கை சோர்ந்துபோகும், கருவி சோராது. மூளை சிதைந்து இனி கண் விழிக்கவே மாட்டார் என்று தெரிந்தவருக்கும் அது மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மனித வரலாற்றில் அதுவரை யாரும் கேட்கத் தேவைப்படாத ஒரு கேள்வி அப்போது எழுந்தது: இதை எப்போது நிறுத்துவது? நிறுத்தினால் அது கொலையா?

கேட்டவர் ஒரு மருத்துவர். ஆஸ்திரியா நாட்டின் இன்ஸ்புரூக் பல்கலைக்கழக அறுவை சிகிச்சை மருத்துவமனையில் மயக்க மருந்துப் பிரிவின் தலைவரான புரூனோ ஹைட். கருவியை எல்லா நோயாளிகளுக்கும், நம்பிக்கையே இல்லை என்று தெரிந்த பிறகும், வைத்தே ஆக வேண்டுமா? இரத்த ஓட்டம் நிற்கும் முன்பே அதை அகற்றலாமா? நோயில் பூசுதல் கொடுப்பது எப்போது? இப்படிப்பட்ட ஒருவர் உண்மையில் எப்போது இறந்தவராகிறார்? இந்தக் கேள்விகள் உரோமைக்குப் போய்ச் சேர்ந்தன. படித்தவர், துறையின் தலைவர், தினமும் சாவைப் பார்ப்பவர். அவரே தனியாகத் தீர்மானிக்க முடியாமல் கேட்டிருக்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் கேட்பதையே ஒரு குறையாக நினைக்கிறோம்.

1957 நவம்பர் 24 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மயக்க மருந்து மருத்துவர்களின் கூட்டத்தில் பிரெஞ்சு மொழியில் பதில் அளித்தார். அதன் சாரத்தை என் சொற்களில் தருகிறேன். உயிரைக் காக்கத் தேவையான சிகிச்சையை எடுத்துக்கொள்வது மனிதரின் கடமை. ஆனால் ஆள், இடம், காலம், சூழல் ஆகியவற்றைப் பார்த்து, தமக்கோ பிறருக்கோ பெரும் சுமையாகாத சாதாரண வழிகளுக்கு மட்டுமே அந்தக் கடமை கட்டுப்படுத்தும். அதற்கு மேல் செய்ய விரும்புகிறவர் செய்யலாம், கடமை என்று யாரும் அவரைக் கட்ட முடியாது. மருத்துவருக்கு நோயாளியை மீறிய தனி உரிமை கிடையாது. நோயாளி வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த அனுமதிதான் மருத்துவரின் அதிகாரம். நோயாளி நினைவற்றுக் கிடந்தால் குடும்பத்தார், அவர் பேசக்கூடியவராக இருந்திருந்தால் எதை விரும்பியிருப்பார் என்பதைத் தேட வேண்டும். கருவி பெரும் சுமையாகிவிட்ட நிலையில் அதை நிறுத்தச் சொல்லிக் குடும்பம் கேட்கலாம், மருத்துவரும் அதற்கு இணங்கலாம். இரத்த ஓட்டம் அதனால் நின்றுபோனாலும், அது உயிரை நேரடியாகப் பறிப்பதாகாது.

எப்போது இறந்தவராகிறார் என்ற கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை. அது மருத்துவர்களின் துறை, அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒரு திருத்தந்தை சொன்ன இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

அதே ஆண்டு பிப்ரவரியில் அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். கடும் வலியில் துடிப்பவருக்கு வலியைத் தணிக்க மருந்து கொடுக்கலாம். அதனால் உயிர் சற்று முன்கூட்டிப் பிரியக்கூடும் என்று தெரிந்தாலும், கொல்லும் நோக்கம் இல்லாமல் வலியைத் தணிக்கும் நோக்கத்தோடு, வேறு வழி இல்லாதபோது கொடுப்பது குற்றமல்ல. மார்பின் கொடுத்தால் பாவம் என்று நினைத்து, புற்றுநோயில் கிடக்கும் தாயைக் கத்த விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்லும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அந்தப் பயம் திருச்சபை கொடுத்த பயம் அல்ல.

பன்னிரண்டாம் பயஸ் இதைப் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு சலமான்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா என்ற தொமினிக்கன் சபைத் துறவி இறையியல் கற்பித்தார். சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் இந்தக் கேள்விக்கு வருகிறார். ஒரு நோயாளிக்கு உணவைப் பார்த்தாலே குமட்டுகிறது, ஒரு வாய் உள்ளே போவதே சித்திரவதையாக இருக்கிறது. அவர் சாப்பிடாமல் இருந்தால் தற்கொலைப் பாவமா? இல்லை என்கிறார். இன்னும் ஒரு படி போகிறார். கோழியும் கௌதாரியும் தின்றால் இருபது ஆண்டு கூடுதலாக வாழலாம் என்று வைத்தியர் அடித்துச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த மனிதர் முட்டையும் ஊரில் எல்லாரும் உண்ணும் சாதாரண உணவுமே போதும் என்று இருந்துவிடலாம், பாவமில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் குடும்பச் சொத்து முழுவதையும் விற்று மருந்து வாங்க வேண்டிய கடமையும் ஒருவருக்கு இல்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு துறவி நம் ஊர் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துவிட்டுப் பேசுவது போல இருக்கிறது அல்லவா?

அதே சபையைச் சேர்ந்த தொமிங்கோ தெ சோத்தோ கால் அகற்றும் அறுவையைப் பற்றிப் பேசினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஆளைப் பலகையில் கட்டிப்போட்டு, வாயில் துணியைத் திணித்து, ரம்பத்தால் அறுப்பார்கள். துறவி தம் மடத்துத் தலைவருக்குக் கீழ்ப்படிய வாக்குக் கொடுத்தவர்தான். ஆனாலும் அந்தத் தலைவர்கூட இந்த வேதனையை ஏற்றுக்கொள் என்று அவருக்குக் கட்டளையிட முடியாது என்றார் சோத்தோ. அந்த நூற்றாண்டின் இறுதியில் தொமிங்கோ பாஞ்ஞேஸ் இதற்குச் சாதாரண வழி, அசாதாரண வழி என்று பெயர் வைத்தார். பன்னிரண்டாம் பயஸ் பயன்படுத்தியது இந்தச் சொற்களைத்தான்.

1846க்குப் பிறகு ஈதர் வந்தது, மயக்க மருந்து வளர்ந்தது. சர்க்கரை நோயால் அழுகிய விரலை அகற்றுவது இன்று மாவட்ட மருத்துவமனையிலேயே நடக்கும் காரியம். சோத்தோ காலத்தில் அசாதாரணமாக இருந்தது இன்று சாதாரணமாகிவிட்டது. அதேபோல, விபத்தில் அடிபட்ட இருபத்தைந்து வயது இளைஞனுக்கு நான்கு நாள் வென்டிலேட்டர் வைப்பது சாதாரண வழி, கட்டாயம் வைக்க வேண்டும். எல்லா உறுப்பும் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருக்கும் முதியவருக்கு அதே கருவி, அதே கட்டணம், ஆனால் நிலைமை வேறு. எனவே இன்ன கருவி கட்டாயம், இன்ன கருவி தேவையில்லை என்று திருச்சபை ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. இந்தச் சிகிச்சையால் இந்த மனிதருக்கு எவ்வளவு நன்மை, எவ்வளவு சுமை என்று பார்க்கச் சொல்கிறது. 1980இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கையும் அப்படியே சொல்கிறது. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, செலவு ஆகியவற்றை, கிடைக்கக்கூடிய பலனோடும், நோயாளியின் உடல் வலிமை, மனவலிமையோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். செலவு என்ற சொல் உரோமையின் அறிக்கையிலேயே இருக்கிறது. காசைப் பார்ப்பது எப்போதும் பாவம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திருத்தந்தை பதில் சொல்லியாயிற்று. அது ஒரு சாதாரணக் குடும்பத்தை எப்படிச் சென்றடைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துக்குப் போவோம்.

1975 ஏப்ரலில் கேரன் ஆன் குவின்லன் என்ற 21 வயதுப் பெண் திடீரென்று மூச்சு நின்று விழுந்தாள். குறைந்தது பதினைந்து நிமிட நேரம், இரண்டு முறை மூச்சு நின்றிருந்தது. மருத்துவமனையில் கருவி பொருத்தினார்கள். நினைவு திரும்பவே இல்லை. பெற்றோர் ஜோசப்பும் ஜூலியாவும் பக்தியுள்ள கத்தோலிக்கர்கள். கேரன் அவர்கள் தத்தெடுத்து வளர்த்த பிள்ளை. ஜோசப் உலகப் போரில் ஒரு கையை இழந்தவர். எளிதில் நம்பிக்கை இழக்காதவர். தாயும் உடன்பிறந்தவர்களும் இனி கேரன் திரும்ப மாட்டாள் என்று ஏற்றுக்கொண்ட பிறகும், தந்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கருவியை எடு என்று சொன்னால் நான் கடவுளின் வேலையைச் செய்தவன் ஆகிவிடுவேனே என்ற பயம்.

அவர் போனது தம் பங்குத்தந்தையிடம். தாமஸ் திரப்பாசோ என்ற அந்தக் குரு, பன்னிரண்டாம் பயஸ் 1957இல் சொன்னதை அவருக்கு விளக்கினார். எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. கட்டாயம் எது, கட்டாயம் இல்லாதது எது என்று காட்டினார். தந்தை செபித்தார், நாள்களை எடுத்துக்கொண்டார், கடைசியில் சம்மதித்தார். ஜூலை 31 அன்று பெற்றோர் மருத்துவமனையில் கையெழுத்திட்டார்கள்.

மருத்துவர் மறுத்துவிட்டார். சட்டமும் மருத்துவ வழக்கமும் தன்னை அனுமதிக்கவில்லை என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் கருவியை எடுத்த மருத்துவர் கொலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டிவருமா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. நவம்பரில் நீதிபதி ராபர்ட் மியூர் மருத்துவர் பக்கம் தீர்ப்பளித்தார். அதற்குள் பேட்டர்சன் மறைமாவட்ட ஆயர் லாரன்ஸ் கேசி, பெற்றோரின் முடிவு திருச்சபைப் போதனைக்கு ஏற்றதே என்று விரிவான அறிக்கை வெளியிட்டிருந்தார்.

1976 மார்ச் 31. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறினார்கள். தலைமை நீதிபதி ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய அந்தத் தீர்ப்பில் ஆயர் கேசியின் அறிக்கையிலிருந்து நீண்ட பகுதிகள் இடம்பெற்றுள்ளன. அரசு நீதிமன்றத்துக்கு ஆயரின் அறிக்கை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். திருச்சபைப் போதனையைச் சட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது. மகளுக்காக முடிவெடுக்கப் போகும் இந்தத் தந்தை எப்படிப்பட்டவர், அவர் மனச்சான்று எதை வைத்து உருவானது, அவர் நோக்கம் நேர்மையானதா என்று அறிவதற்காக அதைப் படித்தது. பங்குத்தந்தையின் அறையில் ஒரு தகப்பன் உட்கார்ந்து கேட்ட கேள்வி நீதிமன்றத்தில் அவருக்குச் சாட்சியாக நின்றது.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு வரவும் உண்டு. இத்தகைய முடிவை மருத்துவர் ஒருவர் தலையில் மட்டும் சுமத்தாமல், மருத்துவமனையில் ஒரு நெறிமுறைக் குழு கூடி ஆராய வேண்டும், பலவிதத் துறையினர் அதில் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் வழி காட்டியது. மருத்துவமனைகளில் இத்தகைய குழுக்கள் பரவியதற்கு இந்தத் தீர்ப்பு பெரிய காரணம்.

பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. மே மாதம் கருவியிலிருந்து சிறிது சிறிதாக விடுவித்தபோது கேரன் தானாகவே மூச்சு விடத் தொடங்கினாள்! நினைவு மட்டும் திரும்பவில்லை. பராமரிப்பு இல்லம் ஒன்றுக்கு மாற்றினார்கள். 1985 ஜூன் 11 வரை, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல், அங்கே இருந்தாள். தந்தை நாள்தோறும் போய்ப் பார்த்தார். மூக்குக் குழாய் வழியாக உணவு போய்க்கொண்டிருந்தது. அதை எடுக்கச் சொல்லிப் பெற்றோர் ஒருபோதும் கேட்கவில்லை. கருவி வேண்டாம் என்றவர்கள் மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இறக்கும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்க மகளின் பெயரால் ஓர் அமைப்பையும் 1980இல் தொடங்கினார்கள்.

சிகிச்சையை நிறுத்துவதையும் கருணைக் கொலையையும் ஒன்றாகக் குழப்புகிறவர்களுக்கு இந்தக் குடும்பத்தைத்தான் நான் காட்டுவேன். சாக வேண்டும் என்று ஊசி போடுவதைத் திருச்சபை அன்றும் இன்றும் ஏற்கவில்லை. பலனற்ற சுமையை இறக்கி வைப்பதை ஏற்கிறது. உணவும் நீரும் மட்டும் தனிக் கதை. குழாய் வழியாகக் கொடுத்தாலும் அவை அடிப்படையில் சாதாரணப் பராமரிப்பே என்று 2004இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கூறினார். உடல் உணவை ஏற்கவே மறுக்கும் நிலையிலோ, அதனாலேயே பெரும் துன்பம் வரும் நிலையிலோ அது கட்டாயமில்லை என்பதை 2007இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தெளிவுபடுத்தியது. கடைசி நேரத்தில் விழுங்க முடியாதவர் வாயில் பாலைப் புகட்டிப் புரையேற வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பாசத்தால் செய்வதுதான், ஆனால் அவர்களுக்கு அது வேதனை. பஞ்சில் நனைத்து உதட்டை ஈரப்படுத்துங்கள், போதும்.

இரண்டாம் யோவான் பவுல் தாமும் அப்படியே போனார். 2005 பிப்ரவரியில் தொண்டையில் துளையிடும் சிகிச்சையை ஏற்றார். மார்ச் இறுதியில் மூக்குக் குழாய் வழி உணவையும் ஏற்றார். அடுத்த நாளே கிருமித் தொற்று உடல் முழுவதும் பரவியபோது, மறுபடியும் மருத்துவமனைக்குப் போகாமல் தம் அறையிலேயே இருந்துவிட்டார். ஏப்ரல் 2 அன்று, அருகில் திருப்பலி ஒப்புக்கொடுத்துச் செபித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே இறந்தார்.

நம் நாட்டுக்கு வருவோம். ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியச் சட்டத்தில் குற்றம். ஆனால் 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம், பலனற்ற நிலையில் உயிர் காக்கும் கருவிகளை வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு என்றும், நினைவோடு இருக்கும்போதே அதை எழுதி வைக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. அப்போது சொன்ன நடைமுறை மாஜிஸ்திரேட் வரை போக வேண்டிய கடினமான ஒன்று. 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கினார்கள். பதினெட்டு வயதான எவரும், இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். தமக்காக முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயரையும் அதில் எழுதலாம். சிகிச்சையை நிறுத்துவதற்கு மருத்துவமனையில் முதலில் ஒரு மருத்துவக் குழுவும், பிறகு இரண்டாவது குழுவும் ஆராய்ந்து சம்மதிக்க வேண்டும். குடும்பத்தார் தனியாகச் சுமக்காதிருக்க இது ஒரு பாதுகாப்பு. வருமுன் ஒரு தாள் எழுதி வைப்பதை விட, யார் எனக்காகப் பேச வேண்டும் என்று ஓர் ஆளைச் சொல்லி, அவரிடம் மனம் விட்டுப் பேசி வைப்பது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். தாளால் டாக்டரிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சுமை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, கிழவர்தானே, போகட்டும் என்று விடுகிறவர்களும் இருக்கிறார்கள். சுமையாக இருப்பது சிகிச்சையா, அப்பாவா என்று அவர்கள் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். நிமோனியாவுக்கு மருந்து கொடுத்தால் எழுந்து உட்காரக்கூடிய பாட்டியை, வயதைக் காட்டி வீட்டுக்குக் கொண்டுவருவதை இந்தப் போதனை எதுவும் ஆதரிக்கவில்லை. மருத்துவரை மதித்து அவருக்கு இடம் கொடு என்றும், செபி என்றும் சீராக் ஞானி ஒரே அதிகாரத்தில் அல்லவா சொல்கிறார்!

எனவே அந்த நள்ளிரவுக் கேள்வி வரும்போது டாக்டரிடம் கேளுங்கள்: இது குணமாக்குமா, நாளைத் தள்ளிப்போடுமா? எத்தனை நாள் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம்? வைத்த பிறகு பலனில்லை என்றால் எடுக்கலாமா? வைக்காவிட்டால் மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் என்ன கொடுப்பீர்கள்? பங்குத்தந்தையை எந்நேரமும் எழுப்புங்கள். அவஸ்தைப் பூசுதலுக்கு மட்டுமே கூப்பிட வேண்டும் என்று ஒதுங்கி நிற்காதீர்கள். வீட்டிலுள்ள எல்லாரையும் எழுப்புங்கள்.

கடைசியாகச் சொன்னதை அந்தக் குடும்பத்திடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். சக்ரீஸ்தில் கேட்ட கேள்விக்குப் பல வாரம் கழித்து, ஒரு மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். விட்டோரியாவின் கோழிக் கதையிலிருந்து கேரனின் தந்தை வரை எல்லாவற்றையும் சொன்னேன். மகன் பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரி சாமி. அப்பா என்ன நெனச்சிருப்பாருன்னு பாக்கணும்னு சொல்றீங்க. அது எங்களுக்குத் தெரியாதே. நாங்களா முடிவு பண்ணுனோம். அதுதான் அறுக்குது" என்றார்.

அடுப்படி வாசலில் உட்கார்ந்து இருந்த அவருடைய தாய் அப்போதுதான் வாய் திறந்தார். "சாமி, பெரியவுக ஆஸ்பத்திரியில மிஷின்ல கெடந்தப்ப பாத்துட்டு வந்து இவுக எங்கிட்டச் சொன்னாக. எனக்கு இப்படியெல்லாம் வைக்கக் கூடாது, என்னைய நம்ம வீட்டுல கெடத்து, பாட்டுச் சாமியாரக் கூப்பிட்டு ஒரு மாதா பாட்டுப் பாடச் சொல்லு, அது போதும்னாக."

"ஏம்மா அன்னைக்குச் சொல்லல?" என்றார் மகன்.

"நீங்க கேக்கலியேய்யா. நான் வெளிய பெஞ்சுல படுத்துக் கெடந்தேன்."

அம்மா தூங்குகிறார், பாவம், எழுப்ப வேண்டாம் என்று பாசத்தால்தான் அவர்கள் நினைத்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு மகன்களும் அவர் படுத்திருந்த பெஞ்சிலிருந்து பத்தடி தூரத்தில்தான் நின்றிருக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தத் தாய் எழுந்து, பேரனிடம் போனை வாங்கி, மஸ்கட்டுக்குப் போடச் சொன்னார். நான் வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினேன்.